கூரையைப் பிடித்து நிறுத்தும் பட்டை

என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் வீடு வாங்கினார்கள். 1986-இல் கட்டிய மரச்சட்ட வீடு. வாங்கிய வாரமே இன்ஷூரன்ஸுக்காக ஒருவர் டார்ச் விளக்குடன் கூரைக்கடியில் தவழ்ந்து போய், ஆணிகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்தாராம். "இவ்வளவு பெரிய வீட்டில் ஆணியை எதற்கப்பா படம் பிடிக்கிறார்?" என்று மகள் தொலைபேசியில் கேட்டாள். கட்டடப் பொறியாளனாக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கும் அது புதிது. நான் கட்டியதெல்லாம் செங்கல்லும் கான்கிரீட்டும்தான். தேடிப் படித்தேன். நம் அன்பர்களின் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் இருப்பதால் எழுதுகிறேன்.

புயல் வீட்டைத் தள்ளுகிறது என்றே நினைக்கிறோம். கூரையை அது தள்ளுவதைவிட உறிஞ்சித் தூக்குவதே அதிகம். ஒரு ஜன்னல் உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து மேலே உந்தும். மணிக்கு 180 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகும். அங்கத்திய மரக்கூரையின் சொந்த எடையோ சதுர மீட்டருக்கு 50 கிலோ அளவுதான். மீதி 100 கிலோவுக்கு எதிர்விசை எங்கிருந்து வரும்?

கூரைச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்துவார்கள். 10 மீட்டர் அகல வீட்டில், ஒரு சட்டத்தின் ஒரு முனைக்கு 3 சதுர மீட்டர் கூரை பொறுப்பு. அதாவது தோராயமாக 300 கிலோ தூக்கு விசை. ஓரங்களில் இன்னும் கூடும். பழைய முறையில் சட்டத்தைச் சுவர்மேல் வைத்துச் சாய்வாக மூன்று ஆணிகள் அடிப்பார்கள். அவற்றை நம்பிக் கணக்கிடக்கூடியது 100 கிலோதான்.

இங்கேதான் பட்டை வருகிறது. துத்தநாகம் பூசிய சிறு எஃகுத் தகடு, பார்த்தால் ஒன்றுமில்லை. சட்டத்தின் பக்கவாட்டிலும் சுவர்மரத்தின் பக்கவாட்டிலும் ஆணியடித்து இரண்டையும் கட்டிவிடும். சுவரில் அடித்த ஆணியைக் குறட்டால் நேரே இழுத்தால் கழன்று வருகிறது. அதே ஆணியில் கனமான பையைத் தொங்கவிட்டால் வருவதில்லை. சாய்வு ஆணியைப் புயல் நேரே இழுக்கிறது. பட்டையின் ஆணியைக் குறுக்கே இழுக்கிறது. அதனால் வகைக்கேற்ப 250 முதல் 500 கிலோ வரையிலும் தாங்கும்.

1992 ஆகஸ்ட் 24-இல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவைத் தாக்கி 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. கூரைப் பலகைகளைச் சரியாக ஆணியடிக்காதது, இணைப்புகளில் செய்த சிக்கனம் எல்லாம் அப்போது வெளியே வந்தன. 2002-இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி அமலாயிற்று. கூரை சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் இடைவெளியில்லாமல் பிணைந்திருக்க வேண்டும். எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் மற்றவை வீண்.

மகள் வீட்டு அறிக்கை வந்தது. பட்டைகள் இருந்தன; ஆனால் பெரும்பாலானவற்றில் ஆணி இரண்டுதான். மூன்றாவது இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் படிவம் பட்டை இருப்பதாகவே கொள்ளாது. வெறும் சாய்வு ஆணியென்றுதான் எழுதும். இத்தனை வருடம் அந்த ஓட்டைகள் காலியாகவே இருந்திருக்கின்றன! மாப்பிள்ளை தச்சர் ஒருவரை வைத்து அடித்து முடித்தார். பிரீமியம் குறைந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. எனக்கு வேறு காரணம்.

2014 அக்டோபர் 12-இல் ஹூத்ஹூத் புயல் வந்தபோது, இங்கே விசாகப்பட்டினத்தில் எங்கள் பக்கத்து மாடியின் தகரக் கொட்டகை பறந்தது ஞாபகம் வந்தது. தகரத்தைப் பிடித்த கொக்கி போல்ட்டுகள் ஒன்றும் கழலவில்லை. குழாய்க் கால்கள்தான் தளத்தில் பதிக்கப்படாமல் நின்றிருந்தன. கொட்டகை முழுசாகவே எங்கள் சுவரில் வந்து மோதிற்று. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக் கொட்டகையின் ஆறு கால்களையும் குனிந்து பார்த்தேன். இரண்டின் அடித்தகட்டில் போல்ட்டே இல்லை. வெல்டரை வரச் சொல்லியிருக்கிறேன்.