அரை நாளில் ஒரு மலையடிவாரத்தைப் படித்துவிட முடியுமா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில் கருங்கல் குவாரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அங்கே வட்ட வட்டமாகக் கற்கள் நட்டிருக்கும். பெரியவர்கள் ‘பாண்டவர் வீடு’ என்பார்கள். போன மாதம் ஒருவர் ஜீப்பில் வந்து அரை நாள் பார்த்துவிட்டுப் போனார். ‘தொல்லியல் சின்னம் எதுவும் இல்லை’ என்று அறிக்கை கொடுத்துவிட்டாராம். அரை நாளில் அப்படிச் சொல்லிவிட முடியுமா? நாங்கள் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: முடியாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவை பெருங்கற்கால ஈமச்சின்னங்களாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உங்கள் மாவட்டம் அதற்குப் பேர் போனது. மல்லசந்திரத்துக் கல்திட்டைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலத்தை கி.மு. 2172 என்று கணித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணை அரை நாள் பார்த்துவிட்டு ‘எதுவும் இல்லை’ என்று எழுதுவதை ஆய்வு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கள ஆய்வு என்றால் நடப்பது. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சில அடி இடைவெளியில் வரிசையாக நடந்து, ஒவ்வொரு பானை ஓட்டையும் இரும்புக் கசடையும் குறித்துக்கொண்டே போக வேண்டும். புதர் மண்டிய காலத்தில் பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. உழவு ஓட்டி ஒரு மழை பெய்த பிறகு பார்த்தால், அதே நிலம் கருப்பு சிவப்பு ஓடுகளாக இறைந்து கிடக்கும். அதற்கும் முன்னால் ஊர்க்காரர்களை விசாரிக்க வேண்டும். ‘தாழிமேடு’, ‘நத்தமேடு’, ‘பாண்டவர் வீடு’ என்று மக்கள் வழங்கும் பெயர்களே பாதித் தடயம். ஆடு மேய்ப்பவருக்கும் கிணறு வெட்டியவருக்கும் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது. பிறகுதான் சந்தேகமான இடங்களில் சோதனைக் குழி போடுவது.

கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்தது தென்னந்தோப்பு. 1970களில் அங்கே மண்ணைத் தோண்டியபோது கிடைத்த பொருள்களை ஒரு பள்ளி ஆசிரியர் கவனித்துச் சொன்னார். பிறகு 2013–14இல் வைகையின் இரு கரையிலும் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய கள ஆய்வில் 293 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் ஒன்றுதான் கீழடி. ஜீப்பில் கடந்து போயிருந்தால் தேங்காய்தான் தெரிந்திருக்கும்.

ஆய்வை எப்போது செய்கிறார்கள் என்பது இன்னும் முக்கியம். மதுரை மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரத்துக்கு 2015 ஹெக்டேருக்கு எல்லை போட்டு, 2024 நவம்பரில் ஏல முடிவையும் அறிவித்தார்கள். அந்த எல்லைக்குள் வந்தது அரிட்டாபட்டி. அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உண்டு, சமணப் படுக்கைகள் உண்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உண்டு. போதாததற்கு 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. இத்தனையும் தெரிந்த பிறகும் முதலில் கோடு போட்டார்கள். மக்கள் கிளர்ந்தெழுந்த பிறகுதான் எல்லையை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. ஊர் திரண்டதால் தப்பியது. அந்த வேலையைச் சட்டம் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும்.

ஆய்வு நன்றாக நடந்தும் காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்குக் குகைகளைத் தகர்க்க இரும்புத்தாதுச் சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ 2013இல் அனுமதி வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டு அகழ்ந்தபோதுதான் அங்கே 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்து தங்கியது தெரிந்தது. 4,000 ஆண்டுப் பழமையான தலைமுடிப் பின்னலும் கிடைத்தது. அந்த மண்ணின் மக்களுடைய மூதாதையரின் முடி அது. கொடுத்த அனுமதியை எதிர்த்து முறையிட அந்த மக்களுக்கு அப்போதைய சட்டத்தில் வழி இருக்கவில்லை. 2020 மே 24 அன்று வெடி வைத்துவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், அனுமதி கையெழுத்தாகும் முன்பே உங்கள் கற்கள் பதிவேட்டில் ஏறியாக வேண்டும்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்ற மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு, அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டும்தான். பதிவாகாத கல்வட்டத்துக்கு அது வராது. ஆகவே அந்த அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். யார், எந்த நாளில், எத்தனை ஏக்கர் நடந்து பார்த்தார் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு கல்வட்டத்தையும் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, சர்வே எண்ணோடு மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஆட்சியருக்கும் மனுக் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கற்களை நகர்த்தாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தோண்டவும் வேண்டாம். கலைந்த ஈமக்குழியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு அதிகம் மிச்சமிருக்காது.

பொக்லைன் ஏறிய பிறகு கொடுக்கும் மனுவுக்குப் பலம் குறைவு. இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.