தரிப்பிடத்துக்குத் தார் போடுமுன்

ஒன்ராறியோவில் எம்மவர் ஆலயங்கள் பல, பழைய தொழிற்கூடங்களையும் பண்டகசாலைகளையும் வாங்கி அமைக்கப்பட்டவை. கட்டடத்தோடு சேர்ந்து வந்த வாகனத் தரிப்பிடமும் பழையதே. பனிக்காலம் முடிந்ததும் பள்ளமும் வெடிப்பும் தேங்கிய தண்ணீரும் கண்ணுக்குத் தெரியும். உடனே பரிபாலன சபையில் எழும் முதற் கேள்வி, "எவ்வளவு முடியும்?" என்பதுதான். கணக்குத் தொழிலில் உள்ள நாம் அந்தக் கேள்வியைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் என்ன வேலை என்பதை எழுதிக் கொடுக்காமல் விலை கேட்டால், மூன்று ஒப்பந்தகாரர்கள் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை தருவார்கள். சபை ஆகக் குறைந்ததைத் தெரிவு செய்யும். அது எந்த வேலைக்கான விலை என்பது இரண்டாவது பனிக்காலத்தில் தெரியவரும். இரவு வேலை செய்து மிச்சம் பிடித்தவர்கள் உண்டியலில் இட்ட பணம் அது.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் பழக்கத்தில் தார் என்கிறோம். உண்மையான தார் நிலக்கரியிலிருந்து கிடைப்பது. இன்று இங்கே போடப்படுவது அஸ்பால்ற். மசகெண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் பிற்றுமினைக் கல்லோடும் மணலோடும் சூடாகக் கலந்தது. நிறையில் ஏறக்குறைய 95 வீதம் கல்லும் மணலும். பசை 5 வீதம்தான்.

இந்தக் கறுப்புப் படை பாரத்தைத் தாங்குவதிலும் பார்க்க, பாரத்தைக் கீழே பரப்புவதும் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதுமே அதிகம். தாங்குவது அதன் கீழுள்ள கல். ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் களிமண் நிலம். அப்படியான நிலத்தில் வழக்கமாகக் காணும் அமைப்பு ஒன்றைச் சொல்கிறோம்: அடியில் 300 மில்லிமீற்றர் பருங்கல் (கிரனுலர் பி), அதன்மேல் 150 மில்லிமீற்றர் உடைத்த கல் (கிரனுலர் ஏ), அதன்மேல் எச்.எல். 8 என்னும் அடிக்கலவை 50 மில்லிமீற்றர், எல்லாவற்றுக்கும் மேல் எச்.எல். 3 என்னும் மேற்கலவை 40 மில்லிமீற்றர். மொத்தம் 540. இதில் கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. மற்ற அனைத்தும் மூடப்பட்ட பின் எவராலும் பார்க்க முடியாது. எமது நிலத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை மண்ணைத் துளையிட்டுப் பார்த்து ஒரு பொறியியலாளர் சொல்லவேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண்செலவு என்று பொதுக்கூட்டத்தில் எவரும் சொல்லாதிருக்கட்டும்.

பழைய தரிப்பிடத்தில் முதலையின் தோல் போல வலைப்பின்னலாக வெடித்த இடங்கள் இருந்தால், கீழே கல் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதன்மேல் புதுப்படை போட்டால் அதே வெடிப்பு மேலே வந்துவிடும். அந்த இடங்களை வெட்டி எடுத்து அடியிலிருந்து கட்டவேண்டும். கல் பரப்பி இறுக்கிய பின், அஸ்பால்ற் போடுவதற்கு முன், நிறைந்த லொறி ஒன்றை மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. சில்லின் கீழ் நிலம் அமிழ்ந்தால் அங்கே இன்னும் வேலை இருக்கிறது. அன்று சபையில் ஒருவர் நிற்கவேண்டும்.

அளவைச் சரிபார்க்கக் கணக்காளர் வழியும் ஒன்று உண்டு. 100 வாகனங்களுக்கு, ஓடுபாதைகளும் வாசலும் சேர்த்து, ஏறக்குறைய 3,000 சதுர மீற்றர் என்று வைப்போம். 90 மில்லிமீற்றர் தடிப்புக்கு 270 கனமீற்றர். இறுக்கிய அஸ்பால்ற் கனமீற்றருக்கு ஏறக்குறைய 2.4 தொன், ஆகவே 650 தொன் அளவில் வந்து இறங்கவேண்டும். ஒவ்வொரு லொறியோடும் நிறைச்சீட்டு வரும். அவற்றை அன்றன்றே வாங்கிக் கூட்டிப் பாருங்கள். தடிப்பில் 10 மில்லிமீற்றர் குறைந்தால் 72 தொன் குறையும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறை சீட்டில் தெரியும். சீட்டுகளைக் கையளிப்பது கேள்விப்பத்திரத்திலேயே நிபந்தனையாக இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். 3,000 சதுர மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் மழை என்றால் 30,000 லீற்றர். அது எங்கே போகும் என்பதை வரைபடம் சொல்லவேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் பனிக்காலம் முழுவதும் ஆப்பு வைப்பது போலப் பிளந்துகொண்டே இருக்கும். 2 வீதச் சாய்வு என்றால் 20 மீற்றருக்கு 40 சென்ரிமீற்றர் இறக்கம். அயலவர் காணிக்குள் தண்ணீரைத் தள்ளிவிட முடியாது. வழித்தெடுத்த பனியைக் குவிக்கும் இடத்தையும் இப்போதே குறிக்கவேண்டும். உருகும் தண்ணீர் நேரே வடிகுழிக்குப் போகும்படி.

வேறு எந்தக் கடைத் தரிப்பிடத்துக்கும் இல்லாத ஒரு தேவை எமக்கு உண்டு. எமது தேர் வீதியும் இதுதான். ஆடி வெயிலில் கறுத்த அஸ்பால்ற் 60 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அதன்மேல்தான் வெறுங்காலோடு தேருக்குப் பின்னே நடக்கிறோம். அதன்மேல்தான் அங்கப்பிரதட்சணம் செய்கிறார்கள். வயதான அம்மாக்களும் காவடி எடுக்கும் பிள்ளைகளும் சூடு தாங்காமல் புல்லோரம் ஒதுங்குவதைக் கண்டிருப்பீர்கள். அத்துடன், ஒடுங்கிய இரும்புச் சில்லில் நிற்கும் தேர் இளகிய அஸ்பால்றில் பதிந்துவிடும். ஆகவே தேர் சுற்றும் பாதையை மட்டுமாவது கொங்கிறீற்றில் போடுவது பற்றித் தனி விலை கேட்கவேண்டும் என்பது எமது கருத்து. வெளிறிய கொங்கிறீற்றும் சுடும், ஆனால் அந்தளவுக்கு இல்லை. தீயணைப்பு வண்டிக்கு 6 மீற்றர் அகலப் பாதை தேவை. இரண்டையும் ஒரே பாதையில் அமைக்க முடியுமா என்று பொறியியலாளரிடம் கேட்கலாம். குப்பை லொறியும் பஸ்ஸும் போகும் இடங்களுக்கும் தடிப்புக் கூடவேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த வீதிச் சோதனையில், அச்சுப் பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று கண்டார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்கள் குறித்து ஒன்ராறியோ விதிகள் தெளிவானவை. 13 முதல் 100 வரை தரிப்பிடங்கள் இருந்தால் 4 வீதம். எனவே 100க்கு நான்கு: இரண்டு 3.4 மீற்றர் அகலம், இரண்டு 2.4 மீற்றர் அகலம், பக்கத்தில் 1.5 மீற்றர் நடைவெளி. வாசலுக்குக் கிட்ட, கூடிய மட்டும் சமதளமாக.

இனிப் பணம். இங்கேதான் சபைகள் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் உள்ளது. ஒப்பந்தகாரருக்கு நாம் முழுப்பணமும் கொடுத்துவிட்டோம். அவர் அஸ்பால்ற் தந்த நிறுவனத்துக்குக் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் ஆலயக் காணியின் மீதே உரிமை கோரிப் பதிவு செய்யலாம். இதனை லீன் என்பார்கள். இதற்காகவே ஒன்ராறியோ கட்டுமானச் சட்டம் ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. லீன் பதிய 60 நாள் கால எல்லை உண்டு. அது கடந்து, காணிப் பதிவில் எதுவும் இல்லை என்று சட்டத்தரணி பார்த்துச் சொன்ன பின்பே அந்தப் பணம் போகவேண்டும். முன்கூட்டிக் கொடுத்துவிட்டால் சபை இரண்டாம் முறையும் கொடுக்க நேரலாம். "நல்ல மனிசர், எங்கட ஆள்" என்பது இதற்குப் பதிலாகாது.

2019 ஒக்ரோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இன்னொரு விதியின்படி, முறையான பட்டியல் கிடைத்து 28 நாட்களுக்குள் பணம் கொடுக்கவேண்டும். வேலையில் குறை உண்டென்றால் 14 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். எமது சபைகளோ மாதம் ஒருமுறை கூடுபவை! வேலை நடக்கும் காலத்துக்கு மூவர் கொண்ட குழுவுக்கு அதிகாரம் கொடுத்துவிடுவது நல்லது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆலயம் பதிவுபெற்ற அறநிலையமாக இருந்தால், எச்.எஸ்.ரி. வரியில் பெரும்பகுதி திரும்பும். 200,000 டொலர் வேலைக்கு 13 வீதம் 26,000. அதில் மத்திய பங்கான 10,000இல் 50 வீதமும், மாகாணப் பங்கான 16,000இல் 82 வீதமும் திரும்பக் கோரலாம். மொத்தம் 18,120 டொலர். பட்டியல்கள் ஆலயத்தின் பெயரில் இருக்கவேண்டும். சபை உறுப்பினர் பெயரில் இருந்தால் சிக்கல்.

காலம் குறுகியது. கலவை 130 முதல் 150 பாகைச் சூட்டில் விரிக்கப்படும். 80 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் உருளை ஓட்டியும் இறுகாது. எனவே மே முதல் ஒக்ரோபர் வரைதான் வேலை. எமது திருவிழாவும் அதே மாதங்களில்தான். பாதிப் பாதியாகப் போட்டால் ஆலயம் மூடாமல் நடக்கும். தோண்டுமுன் நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தர ஒன்ராறியோ வன் கோல் சேவையை அழைக்கவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. விளக்குக் கம்பங்களுக்கான குழாயையும் அப்போதே தாட்டுவிடுங்கள்.

போட்ட பின் இரண்டு மூன்று நாட்கள் வாகனம் ஏற்றக்கூடாது. முதற் கோடை முழுவதும் அஸ்பால்ற் இளக்கமாகவே இருக்கும். நின்ற இடத்தில் ஸ்ரியரிங்கைத் திருப்புவதால் தழும்பு விழும். தண்ணீர்ப்பந்தல் மேசைக் கால்களுக்கும் பந்தல் கம்பங்களுக்கும் கீழே பலகைத் துண்டு வைக்கும்படி தொண்டர்களுக்கு இப்போதே சொல்லி வைப்போம்.