தேடிக்கிட்டிருக்கான்

கல்லூரி முடித்து ஓராண்டாகியும் வேலை அமையாத பிள்ளை இருக்கும் வீட்டில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. காதுகுத்துப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வார், மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்த அக்கா சொல்வார். யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் வேலைக்குச் சேர்ந்த காலத்து வழியைச் சொல்கிறார்கள். ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் சில காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அடிக்கடி காதில் விழும் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சு வை, சீனியாரிட்டி தானா வரும்.”

பத்தாம் வகுப்பு முடித்ததுமே பள்ளியில் பதிந்துவிடுகிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். அட்டை, ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் கிடக்கிறது. ஆனால் 1959-ஆம் ஆண்டுச் சட்டம், காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்கத்தான் சொன்னது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கவில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பகப் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. இன்று பெரும்பாலான அரசு வேலைகளுக்குப் போட்டித் தேர்வுதான் வாசல். அந்த வாசலில் நிற்கும் கூட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: 2022-இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301, விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம்.

அதற்காக அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவசத் தேர்வுப் பயிற்சி நடக்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கின்றன. அட்டையை நம்பிக் காத்திருப்பதைவிட அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறை போய் வருவது மேல்.

“வேலையா இல்லை? இவனுக்கு உடம்பு வணங்கலை.”

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டன. அதன்படி 2022-இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வெறும் 3.4. மேலோட்டமாகப் பார்த்தால் படித்தவன் சோம்பேறி என்று இது சாட்சி சொல்வதுபோல் இருக்கும். ஆனால் படிக்காதவர் ஒரு வாரம் சும்மா இருந்தால் வீட்டில் உலை வைக்க முடியாது. எந்தக் கூலிக்கும் போயாக வேண்டும். அப்பா சம்பளத்திலும் அம்மா பிடித்த சீட்டுப் பணத்திலும் பட்டதாரி கொஞ்சம் காத்திருக்க முடிகிறது, படிப்புக்கேற்ற வேலையோ போதிய அளவில் இல்லை. 2014-இல் ஒரு படத்துக்கு ‘வேலையில்லா பட்டதாரி’ என்று பெயர் வைத்தபோது யாரும் விளக்கம் கேட்கவில்லையே.

“சிபாரிசு இல்லாம ஒண்ணும் நடக்காது.”

பாதி உண்மை. அதனாலேயே மற்றவற்றைவிட அதிகம் கெடுக்கிறது. சிபாரிசு என்றதும் வீட்டில் நினைவுக்கு வருபவர் பெரிய இடத்தில் இருக்கும் சித்தப்பா. அவர் போனை எடுக்காவிட்டால் மனக்கசப்பு. எடுத்து, “பார்க்கலாம்ப்பா” என்றால் ஆறு மாதக் காத்திருப்பு.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஆய்வு மாணவராக இருந்தபோது பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில் புதிதாக வேலை மாறியவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்: அந்த வேலையைப் பற்றி உங்களுக்குச் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், “அடிக்கடி” என்றவர்கள் 16.7 சதவீதம்தான். “எப்போதாவது” என்றவர்கள் 55.6. ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ பார்ப்பதாகச் சொன்னவர்கள் 27.8. யோசித்தால் புரியும். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த சேதி நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் சேதி கொஞ்சம் தள்ளி இருப்பவரிடம்தான் கிடக்கும். இதைப் பற்றி அவர் எழுதி 1973-இல் வெளிவந்த கட்டுரையை அதற்கு முன் இன்னோர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியிருந்தது. வேலை தேடுபவர்களுக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல் இருக்கலாம்.

2022-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு இதையே சோதித்தது. ஓரளவு பழக்கமுள்ளவர்கள் மூலம் வேலை மாறுவதே அதிகம் என்றது; பழக்கம் மிகமிகக் குறைந்தவர்களால் அவ்வளவு பயனில்லை என்றும் சொன்னது.

நம்மூர்க் கணக்கில், அந்த ‘ஓரளவு பழக்கம்’ என்பது ஹாஸ்டல் மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட, இரண்டு வருட சீனியர். “அண்ணா, எப்படி இருக்கீங்க” என்று கேட்டே ஓராண்டாகியிருக்கும். திடீரென்று வேலை கேட்டுப் போய் நிற்பதா என்று கூச்சம். பல நிறுவனங்களில், பரிந்துரைத்த ஆள் சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்கு ரெஃபரல் போனஸ் உண்டு. அவர் ஒன்றும் தர்மம் செய்யப்போவதில்லை. தயங்காமல் கேளுங்கள்.

“நம்ம ரெஸ்யூமை கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுடுது.”

மென்பொருள் உண்டுதான். ஆனால் அது பெரும்பாலும் ஓர் அலமாரி. தள்ளுவது, அதில் மனிதர்கள் போட்ட சல்லடை. பத்து, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா? அரியர் நிற்கிறதா? எந்த ஆண்டு பாஸ் அவுட்? இவற்றில் தட்டினால், ரெஸ்யூமை எந்த எழுத்துருவில் அடித்தாலும் ஒன்றுதான். மூன்றாவது கேள்விதான் எனக்கு அநியாயமாகப் படும். ஆஃபர் லெட்டரைக் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட நிறுவனங்கள் உண்டு. அதை நம்பி உட்கார்ந்தவர், கடைசியில் வேறிடத்தில் “உங்கள் பேட்ச் முடிந்துவிட்டது” என்ற பதிலைக் கேட்கிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை மூன்று இடங்களுக்கு நானூறுக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. முதலில் வந்த அறுபது எழுபதைத் திறந்தேன், எட்டுப் பேரைக் கூப்பிட்டேன், மூவரை எடுத்தோம். மீதியை யாருமே திறக்கவில்லை. அந்த முந்நூற்றுச் சொச்சம் பேரும் தங்கள் ரெஸ்யூமில் என்ன தப்பு என்று ராத்திரியெல்லாம் யோசித்திருப்பார்கள். விளம்பரம் வந்த அன்றோ மறுநாளோ அனுப்புங்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல எனக்கு வேறு ரகசியம் தெரியாது.

“ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக்கோ, எல்லாரும் போடுறாங்க.”

சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், போன் வந்தால் மேனேஜர் குரலில் பேச ஓர் ஆள் என்று மொத்தமாகவே விற்கிறார்கள். ஆனால் 2014-இல் வருங்கால வைப்பு நிதிக்குப் பொதுக் கணக்கு எண் வந்துவிட்டது. யாரிடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை பார்த்தீர்கள் என்பதை அந்தக் கணக்கின் பக்கம் காட்டிவிடும். சேர்ந்து நான்கு மாதம் கழித்து மாட்டிக்கொண்டு, மேசையைக் காலி செய்தவரைப் பார்த்திருக்கிறேன்.

காசு என்றதும் இன்னொன்று: லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று முதலில் உங்களிடம் காசு கேட்பவர் வேலை தருபவரே இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் பதிவுபெற்ற முகவர் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

“பாண்ட் எல்லாம் செல்லாது, கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடலாம்.”

செல்லாது என்பவர்கள் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக் கூடாது என்று தடுப்பதற்குத்தான் அது பெரும்பாலும் தடை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்க ஆகும் செலவையும் கணக்கில் கொண்டுதான் அப்படிச் சொன்னது. பத்து நாள் பயிற்சிக்கு ஐந்து லட்சம் எழுதி வாங்கும் சின்ன நிறுவனம் அதே தொகையை அப்படியே வசூலித்துவிட முடியாது. நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே கையெழுத்துக்கு முன் தொகையையும் காலத்தையும் படியுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ் விஷயம் வேறு. கல்லூரிகள் பிடித்துவைத்த வழக்குகளில், அது அடகுப் பொருள் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நேர்முகத்தில் காட்டலாம், நகல் கொடுக்கலாம். ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால், மாலையில் அது ரேஷன் கார்டு இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்கே திரும்பட்டும்.