ஊர் காத்த சிறகுகள்

நுழையும்முன்

காட்டுயிர்களைக் காண விழைவோர் ஆப்பிரிக்காவின் தேசியப் பூங்காக்களை நாடிச் செல்கின்றனர். உத்திரமேரூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள ஓர் ஏரியோ, பல்லாயிரம் பறவைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் புகலிடம் அளித்து வருகிறது. அதனைக் காத்தவர்கள் யார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பூங்காவும் ஏரியும்

தான்சானியா நாட்டின் செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவாயிற்று. சிங்கமும் யானையும் உலவும் அப்பரந்த புல்வெளியில் கால்நடை மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள், 1959இல் பூங்காவிற்கு வெளியே குடியமர்த்தப்பட்டனர். மனிதரை விலக்கி விலங்கைக் காப்பது அம்முறையின் அடிப்படை.

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 75 ஏக்கர் மட்டுமே. முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்த இவ்வூர், 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. இங்குப் பறவைகளைக் காத்தவர்கள் அவ்வேரி நீரால் பயிர்செய்த உழவர்களே.

கொடுக்கலும் வாங்கலும்

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்ததும் பறவைகள் வரத் தொடங்கும். நீரில் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியன கூடு கட்டும். சூழ்ந்துள்ள நீர், தரைவாழ் பகைவிலங்குகளிடமிருந்து குஞ்சுகளைக் காக்கும்.

தாய்ப்பறவைகள் அண்டை ஏரிகளுக்கும் வயல்களுக்கும் சென்று இரை கொணர்கின்றன. கூடுகளிலிருந்து விழும் எச்சம் ஏரிநீரில் கரைந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்க்கிறது. அந்நீர் பாயும் வயல் செழிக்கிறது. பறவைக்கு இடமளித்த உழவருக்கு எருவே கைம்மாறாயிற்று.

தெரிந்து தெளிவோம்

'தாங்கல்' என்பது இவ்வட்டாரத்தில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். இங்குக் கூடு கட்டுவன யாவும் வெளிநாட்டுப் பறவைகள் என்பது தவறான கருத்து. கூடு கட்டுவன நம் நிலப்பகுதிக்கு உரியவை. வடபுலத்திலிருந்து வரும் வாத்தினங்கள் குளிர்காலத்தைக் கழித்து, கூடு கட்டாமலே திரும்பிவிடும்.

ஊராரின் உரிமை

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. நீர்நிலையைப் பொதுப்பொறுப்பாகப் பேணும் மரபு இப்பகுதியில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது, வேடந்தாங்கல் மக்கள் ஆட்சியரிடம் முறையிட்டனர். ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்து வடிவில் வழங்கினார். அவ்வாவணம் 'கௌல்' எனப்பட்டது. அரசு இவ்வேரியைச் சரணாலயமாக ஏற்றது 1936இல்தான். தீபாவளியன்றும் வெடி வெடிக்காமலிருப்பதை இவ்வூரார் வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

ஏரிக்கு அப்பால்

1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியும் சரணாலய எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. எனினும், கூடு ஏரியில் இருக்க, இரையோ சுற்றுப்புற வயல்களிலும் நீர்நிலைகளிலும் உள்ளது. அவை தூர்ந்தாலோ மாசடைந்தாலோ கட்டிய கூடு பயனற்றுப் போகும். ஆகவே, வேடந்தாங்கலைக் காத்தல் என்பது அதனைச் சூழ்ந்த வேளாண்மையைக் காத்தலே ஆகும்.

மதிப்பீடு

குறுவினா: 'கௌல்' என்பது யாது?

சிறுவினா: ஏரிநீர் எருவாகும் முறையை விளக்குக.

நெடுவினா: செரங்கெட்டி, வேடந்தாங்கல் ஆகியவற்றின் பாதுகாப்பு முறைகளை ஒப்பிட்டு, உம் ஊர் நீர்நிலைக்கு ஏற்ற முறையைக் காரணத்துடன் எழுதுக.