பிறர் பாவத்தில் நமக்குப் பங்கு உண்டா?

"நான் கல்லெறியவில்லை, தீ வைக்கவில்லை, சுவாமி. பிறகு எனக்கென்ன பாவம்?" இப்படிக் கேட்போர் நம்மிடையே உண்டு. இதற்கு வேதாகமம் தரும் விடையை இவ்வாரம் சிந்திப்போம்.

புனித முடியப்பர் கல்லெறியுண்டு மரித்த நாளில் சவுல் என்ற வாலிபர் ஒரு கல்லையும் தொட்டதாக வேதாகமம் கூறவில்லை. எறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவலாக நின்றார், கொலைக்கு மனதார இசைந்தார் (அப். பணி 7:58; 8:1). அவரே பின்னர் சின்னப்பராகி, பல ஆண்டுகள் கழித்தும் அந்த நாளைத் தம் குற்றமாகவே ஆண்டவர்முன் அறிக்கையிட்டார் (22:20). ஆடைக்குக் காவல் நின்றதை அவர் சிறிய காரியமாக எண்ணவில்லை.

இதையே ஞானோபதேசத்தில் நம் முன்னோர் ஒன்பது வழிகளாகப் படித்தனர்: ஏவுதல், ஆலோசனை கூறுதல், சம்மதித்தல், தூண்டுதல், புகழ்தல், மறைத்தல், பங்குகொள்ளுதல், மௌனமாயிருத்தல், செய்த தீமையை நியாயப்படுத்துதல். எல்லாவற்றுக்கும் ஒரே கனம் இல்லை. உயிருக்கு அஞ்சி வாய்மூடிய ஏழைப் பெண்ணையும், பேசக்கூடிய இடத்தில் இருந்தும் பேசாத பெரிய மனிதரையும் இறைவன் ஒரே தராசில் நிறுப்பதில்லை.

தூரத்தில் உதாரணம் தேட வேண்டாம். 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலந்திருப்பதாக வதந்தி பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரிந்தது. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. சில நாட்களில் நம் கண்டி மாவட்டத்தில், வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்தார். அது நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய குற்றம். ஆனால் அதைச் செய்யாத மக்கள்மேல் பழி விழுந்தது. திகன, தெல்தெனியா, அக்குறணைப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சேதமாயின. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிறந்தது. மறுநாள் முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. தன் தளத்தில் பரவிய வெறுப்புப் பேச்சு அந்த வன்முறைக்கு உதவியிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. செய்தியைக் கையால் அனுப்பியவர்கள் கேட்டார்களா? பொய்ச் செய்தியைப் பரப்பாதே, தீமை செய்யக் கூட்டத்தைப் பின்பற்றாதே என்ற இரு கட்டளைகளும் யாத்திராகமத்தில் அடுத்தடுத்தே நிற்கின்றன (23:1-2). முந்தியது பிந்தியதற்கு வழி திறக்கிறது என்பதை அந்த மார்ச் மாதம் நமக்குக் காட்டியது.

பிலிமத்தலாவையில் இருந்த நமக்கோ வேறொரு சோதனை: "அது அவர்கள் இரு சாராருக்கும் இடையில், நமக்கேன்?" எருசலேம் சூறையாடப்பட்ட நாளில் ஏதோமியர் ஒதுங்கி நின்றார்கள். அப்தியாஸ் இறைவாக்கினரோ அவர்களையும் கொள்ளையரோடு சேர்த்தே எண்ணினார் (11ஆம் வசனம்). 1983 யூலையில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தபோது கதவைத் திறந்த அயலவரையும், திரையை மூடிய அயலவரையும் நம் பெரியோர் இன்னும் மறக்கவில்லை. அந்த நினைவுடைய நாம் திரையை மூடலாமா?

2019 ஏப்ரல் 21இல் நம் ஆலயங்களிலேயே இரத்தம் சிந்தியது. துயரம் ஆறுமுன்பே பழிவாங்கத் தூண்டும் செய்திகள் கைபேசிகளுக்கு வந்தன. அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் மீண்டும் முஸ்லிம்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அச்செய்திகளை நாம் அழித்தோமா, அனுப்பினோமா?

அனுப்பியிருந்தால் பாவசங்கீர்த்தனம் செய்வதோடு கடமை முடிவதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதுபோல், கெடுத்த நற்பெயரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் யாருக்கு அனுப்பினோமோ, அவர்களுக்கே "அது பொய், நான் விசாரிக்காமல் அனுப்பினேன்" என்று எழுத வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். சின்னப்பரும் அந்த வெட்கத்தை மறைக்கவில்லை.

குடும்பச் செபத்தின்பின் சிந்திக்க:

1. நம் வீட்டில் பிற இனத்தவரை இழித்துப் பேசும்போது பிள்ளைகள் முன்னிலையில் யார் தடுக்கிறார்?

2. உண்மை தெரியாத செய்தியை இம்மாதம் எத்தனை பேருக்கு அனுப்பினோம்?

3. நாளை அயல்வீட்டுக்கு ஆபத்து வந்தால், நம் கதவு திறக்குமா?