இலைச்சாறும் காயமும்

மண்வெட்டி காலிற் பட்டதும் வேப்பிலையை அரைத்து அப்பிக் கட்டுவது எமது வழக்கம். இடம்பெயர்ந்து வந்த பின்னும் கைக்கெட்டும் மருந்து பல வேளைகளில் அதுவே. இதில் உண்மை உண்டா? உண்டு. ஆபத்தும் உண்டு. இரண்டையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆய்வுகூடத்தில், உறைந்த ஏகார் கூழின்மேல் பற்றீரியாவைப் பரப்புவர். இலைச்சாற்றில் தோய்த்த சிறு கடதாசி வட்டத்தை அதன்மேல் வைத்து, 37 பாகை செல்சியசு வெப்பத்தில் ஓரிரவு விடுவர். சாறு கிருமியைத் தடுத்தால், கடதாசியைச் சுற்றித் தெளிந்த வளையம் ஒன்று தோன்றும். வேம்பு, கொய்யா, துளசி இலைகளின் சாறுகள் இவ்வாறு வளையம் காட்டியுள்ளன. காயத்திற் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டபிலோகொக்கஸ் இவற்றுக்குப் பெரும்பாலும் இலகுவில் அடங்கும். வயிற்றோட்டம் தரும் ஈ. கோலை போன்றவற்றுக்கு மேலதிக வெளிமென்சவ்வு இருப்பதால் அவை அவ்வளவு இலகுவில் அடங்குவதில்லை.

ஆனால் தட்டு வேறு, காயம் வேறு. சோதனைச்சாறு பெரும்பாலும் அற்ககோலில் ஊறவைத்து, வடித்து, செறிவாக்கப்பட்டது. நாம் அரைக்கும் இலையிலோ மண்ணும் தூசும் கலந்திருக்கும். ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் மண்ணிலும் சாணத்திலும் உள்ளன. காற்றுப்படாத ஆழமான காயத்தில் அவை முளைக்கும். பச்சிலையை அப்பி இறுகக் கட்டும்போது, கொல்ல நினைத்த கிருமியை நாமே உள்ளே வைத்து மூடிவிடலாம்.

ஆகவே:

1. காயத்தைச் சுத்தமான நீராலும் சவர்க்காரத்தாலும் நன்கு கழுவுங்கள். கிணற்றுநீரில் ஐயமிருந்தால் கொதிக்க வைத்து ஆறிய நீரைப் பாவியுங்கள்.

2. திறந்த காயத்தில் பச்சிலை, சாணம், சாம்பல் எதனையும் வைக்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள்.

3. ஆழமான அல்லது மண்பட்ட காயமெனில் அன்றே வைத்தியசாலைக்குச் சென்று ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள். இடப்பெயர்வில் ஊசி அட்டை தொலைந்திருந்தால் அதனையும் சொல்லுங்கள்.

4. வயிற்றோட்டத்துக்கு முதலில் ஜீவனி கொடுங்கள். கொய்யா இலைக் கசாயம் அதற்கு ஈடாகாது. குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் பருக்கவே வேண்டாம். அதனால் வலிப்பும் மரணமும் நேர்ந்துள்ளன.

வேம்பை ஒதுக்கச் சொல்லவில்லை. உலர்ந்த வேப்பிலை எமது நெல்லைப் பூச்சியிலிருந்து காக்கும். சீராக் ஞான நூலின் 38ஆம் அதிகாரம் மண் தரும் மருந்தையும் மருத்துவரையும் ஒருங்கே போற்றுகிறது. நாமும் இரண்டையும் மதிப்போம்.

குழுவில் கலந்துரையாட: எம்மிடையே கடைசியாகக் காயப்பட்டவருக்கு நாம் என்ன செய்தோம்? இனி என்ன செய்வோம்?