பள்ளி விட்ட பின் இருபது நிமிடக் கணக்கு



உங்கள் வீட்டில் எட்டாம் தரத்தில் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று மாலை அதனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "ஏழெட்டு எத்தனை?" விடை உடனே வந்தால் மகிழ்ச்சி. பிள்ளை கூரையைப் பார்த்து, விரலை மடக்கி, ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று ஏறத் தொடங்கினால், இக்கட்டுரையைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

விரல் எண்ணும் பிள்ளை மந்தமான பிள்ளை அன்று. அது 56 என்ற விடையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, கரும்பலகையில் ஆசிரியர் சமன்பாட்டின் மூன்றாம் வரிக்குப் போய்விடுகிறார். இடையில் நூல் அறுந்துவிடுகிறது. நாள்தோறும் இப்படி அறுந்தால், "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும். உண்மையில் அதற்கு வராதது சமன்பாடு அன்று, மூன்றாம் தரத்து வாய்பாடு. சாதாரணதரக் கணித வினாப்பத்திரங்கள் இரண்டும் சேர்ந்து ஐந்து மணித்தியாலம். கணிப்பான் கொண்டுபோக அனுமதி இல்லை. அங்கே விரலை மடக்கி எண்ண நேரம் போதாது. கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைக்கு உயர்தர வகுப்பும் பயிற்சி நெறிகளும் ஒவ்வொன்றாய் எட்டாமற் போகின்றன. வேறு வழியின்றி மீண்டும் மலைக்கே கூடையோடும் கத்தியோடும் ஏறிய எத்தனையோ பிள்ளைகளை நாம் அறிவோம்.

"ரியூசனுக்கு அனுப்புகிறோமே" என்பீர்கள். அரநாயக்கப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாவனெல்லைக்கோ கேகாலைக்கோ பிள்ளையை அனுப்ப பஸ் செலவு வேறு, வகுப்புக் காசு வேறு. வசதியுள்ளவர்கள் அனுப்பட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பெரிய மண்டபத்தில் நூறு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, முன்னால் ஒருவர் கணக்கைச் செய்து காட்டுகிறார். கணக்கைச் செய்தவர் யார்? அவர்தான். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. பிறர் கொழுந்து பறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் கூடை நிறையுமா?

கற்றது மறந்துபோவது எப்படி என்பதை முதலில் அளந்து பார்த்தவர் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானியர். பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து 1885 இல் நூலாக வெளியிட்டார். படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது என்றும், பிறகு மறதி மெதுவாகிறது என்றும் கண்டார். அவர் கண்ட இன்னொன்றுதான் நமக்கு முக்கியம். ஒரே நாளில் தொடர்ந்து 68 தடவை சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பங்கிட்டுச் சொன்னபோது 38 தடவையிலேயே கிடைத்தது. சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பதைவிட, தினமும் இருபது நிமிடம் ஏன் மேலானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

1954 இல் யப்பானின் ஒசாக்காப் பகுதியில் டொரு குமோன் என்ற உயர்பாடசாலைக் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். இரண்டாம் வகுப்பில் படித்த தம் மகன் கணக்கில் பின்தங்குவதை மனைவி சுட்டிக்காட்ட, அவர் நாள்தோறும் தம் கையாலேயே ஒரு தாளில் கணக்குகளை எழுதி வைத்தார். மகன் பள்ளியால் வந்து அரை மணி நேரம் அவற்றைச் செய்வான். தகப்பன் இரவில் திருத்துவார். நேற்றையதைவிட இன்றையது ஒரு நூலளவுதான் கடினமாக இருக்கும். பிழைத்ததைத் திரும்பவும் செய்யவேண்டும். ஆறாம் வகுப்புக்கு வரும்போது அச்சிறுவன் நுண்கணிதக் கணக்குகளைச் செய்தான். பின்பு 1958 இல் அவர் இதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளில் காசுக்கு வகுப்பு நடத்துகிறது. நமக்கு வேண்டியது அந்த நிறுவனம் அன்று. ஒரு தகப்பனும் ஒரு தாளும் ஒரு பென்சிலுமாய்த் தொடங்கிய பழக்கம்தான் வேண்டியது. அது எந்த லயக் காம்பராவிலும் நடக்கக்கூடியது.

இதைக் கேட்டு வியப்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். இந்தப் பழக்கம் தமிழரிடம் முன்பே இருந்தது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எண் எழுதிப் பழகி, எண்சுவடியை நாள்தோறும் உரக்கச் சொல்லி மனத்தில் பதித்தார்கள். முழு எண்களின் பெருக்கல் மட்டுமன்று, கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று பின்னங்களும் வாயில் நின்றன. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. மா, காணி இரண்டும் சேர்ந்ததால்தான் அதற்கு மாகாணி என்று பெயர். பெயரிலேயே கணக்கு இருக்கிறது, பாருங்கள்! முந்திரியோ முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இந்நாளில் 1/4 ஐயும் 1/8 ஐயும் கூட்டச் சொன்னால் 2/12 என்று எழுதிவைக்கும் பிள்ளைகள் உண்டு. காலும் அரைக்காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று அன்றைய சிறுவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் திண்ணை வழக்கம். 1789 இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற அண்ட்ரு பெல் என்ற ஸ்கொட்லாந்துப் போதகர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797 இல் அவர் இலண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட, "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவியது.

திண்ணைப் பள்ளியை மட்டுமீறிப் புகழவும் கூடாது. பிரம்படி அங்கே தாராளம். அதைவிடப் பெரிய குறை, எல்லாப் பிள்ளைகளும் அதில் ஏற முடியாது என்பது. சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பலர். கடல் கடந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த நம் முன்னோரில் பெரும்பகுதியினர் அவர்களே. இங்கு வந்த பின்பும் கதை உடனே மாறவில்லை. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்ய வேண்டுமென்றது. ஆயினும் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்த 1945 இற்குப் பின்னும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்குப்புறமாகவே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். ஆகவே, நம் வீட்டில் மாலையில் ஒலிக்கும் வாய்பாடு பழைய வழக்கத்தைத் தொடர்வதன்று. பல குடும்பங்களில் அது இப்போதுதான் முதன்முறையாக ஒலிக்கிறது.

இனிச் செய்யும் விதம். ஒன்று முதல் பத்து வரையுள்ள வாய்பாட்டில் நூறு விடைகள் உண்டு. நூறு என்றதும் பிள்ளை மலைக்கும். மலைக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து கழித்துப் பார்ப்போம். மூவேழும் ஏழ்மூன்றும் ஒன்றேயாதலால் நூறு ஐம்பத்தைந்தாகக் குறையும். ஒன்றாம் வாய்பாட்டுக்கும் பத்தாம் வாய்பாட்டுக்கும் படிப்பே தேவையில்லை. அவற்றை நீக்கினால் 36. இரண்டாம், ஐந்தாம் வாய்பாடுகள் பெரும்பாலும் தெரிந்திருக்கும், நீக்கினால் 21. ஒன்பதாம் வாய்பாட்டுக்குக் கைவிரலே போதும். பத்து விரலையும் விரித்து, ஒன்பதேழு வேண்டுமானால் இடமிருந்து ஏழாவது விரலை மடக்குங்கள். அதற்கு இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் மூன்று, விடை 63. அதையும் நீக்கினால் மீதி வெறும் 15. மூன்று, நான்கு, ஆறு, ஏழு, எட்டு ஆகிய ஐந்து எண்களும் தம்முள்ளும் ஒன்றோடொன்றும் பெருகுவன மட்டுமே. நாளொன்றுக்கு இரண்டாகப் படித்தால் எட்டு நாள் வேலை. ஆறேழு, ஆறெட்டு, ஏழெட்டு மூன்றும் முரண்டு பிடிக்கும்; அவற்றுக்குத் தனியே இரண்டு நாள் கொடுங்கள்.

பழைய கொப்பி மட்டையை வெட்டிப் பதினைந்து துண்டாக்கி, ஒரு பக்கம் கேள்வியையும் மறுபக்கம் விடையையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று வெறும் தகரப் பேணிகளை வரிசையாய் வையுங்கள். எல்லாத் துண்டும் முதலில் முதற் பேணியில். சரியாகச் சொன்னது இரண்டாம் பேணிக்குப் போகும், அங்கும் சரியானால் மூன்றாம் பேணிக்கு. எந்தப் பேணியிலிருந்து பிழைத்தாலும் மீண்டும் முதற் பேணிக்கே வரவேண்டும். முதற் பேணியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கொரு முறை, மூன்றாவதைக் கிழமைக்கொரு முறை கேட்கவேண்டும். லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 1970களின் தொடக்கத்தில் எழுதிப் பரப்பிய முறை இது. தெரிந்ததை வீணாகத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், தெரியாததில் நேரத்தைச் செலவிட வைப்பது இதன் நன்மை.

"எங்களுக்கு எழுத்து வாசனை இல்லையே, எப்படிப் பார்ப்பது?" என்று தாய்மார் கேட்பது காதில் விழுகிறது. பெரியவர்கள் பிறந்த காலம் அப்படி, அதில் வெட்கமில்லை. மூத்த பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்குங்கள். அதுவும் இல்லையென்றால், கையிலுள்ள தொலைபேசியில் கணிப்பான் இருக்கிறது; பிள்ளை விடையை எழுதியபின் நீங்கள் அழுத்திப் பாருங்கள். முக்கியமானது நீங்கள் கணக்குத் தெரிந்தவராய் இருப்பதன்று, அந்த இருபது நிமிடம் பக்கத்தில் இருப்பது. கோவில் மண்டபமோ பிள்ளை மடுவமோ மாலையில் சும்மா கிடந்தால், நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கலாம். லயத்தில் பக்கத்துக் காம்பராத் தொலைக்காட்சியின் சத்தத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பிள்ளை ஆறாம் தரமானாலும் பயிற்சியை மூன்றாம் தரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ரோசமுள்ள பிள்ளை முகம் சுளிக்கும், சுளிக்கட்டும். முதற் கிழமை எல்லாம் சரியாக வரவேண்டும், அதுதான் அதற்குத் தேவை. இருபது கணக்குக்கு எவ்வளவு நேரம் சென்றது என்று கொப்பியின் மூலையில் குறித்து வரட்டும். பன்னிரண்டு நிமிடம் ஒன்பதாகி, ஒன்பது ஆறாவதைத் தன் கண்ணாலேயே காணும்போது உங்கள் அதட்டல் தேவைப்படாது. பிழையை அன்றே திருத்துங்கள். பிழையோடு பத்து நாள் பழகினால் பிழைதான் பாடமாகும்.

ஓர் எச்சரிக்கை. ஒப்புவித்தல் வேறு, விளங்குதல் வேறு. "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று கிளிபோலச் சொல்லும் பிள்ளையிடம், "ஒரு நிரைக்கு ஏழு தேயிலைச் செடி, எட்டு நிரையில் எத்தனை?" என்று கேட்டால் "கூட்டுவதா, பெருக்குவதா?" என்று திருப்பிக் கேட்கும். அப்படியானால் பயிற்சி வீண். முதலில் புளியங்கொட்டையை நிரையாக அடுக்கி ஏன் என்று காட்டுங்கள், பிறகுதான் வேகம். பயிற்சியால் மட்டும் கணிதம் முழுதும் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. புத்தி பெரிய கேள்வியைப் பிடிக்கும்போது சிறிய கணக்குகள் காலை இடறாமல் இருக்கவே இது.

தோட்டத்தில் கணக்குக்கு வேலை நாளாந்தம் உண்டு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் மூன்று முறை நிறுத்த எடையும் கழிவும் மாத முடிவில் சம்பளத் துண்டில் எப்படி வருகின்றன என்று சரிபார்க்க வீட்டில் ஒருவருக்காவது தெரியவேண்டும். மழையும் கணக்குத்தான். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, சிறிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமற் போயும் விட்டார்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிரு, 100 ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாகு, 150 ஐத் தாண்டினால் இடத்தை விட்டு வெளியேறு என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவு. மழைமானியைப் பார்த்துக் கூட்டிச் சொல்லத் தெரிந்த பிள்ளை சரிவில் இருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் தேவை.

இக்கிழமைக்கு நான்கு கணக்குகள். பிள்ளை முதலில் தனியே செய்யட்டும்.

ஒரு தோட்டத்தில் 6 லயங்கள். ஒவ்வொன்றிலும் 12 காம்பரா. எட்டுக் காம்பராவில் ஐவர் வீதமும் மற்றவற்றில் நால்வர் வீதமும் இருக்கிறார்கள். மொத்தம் எத்தனை பேர்?

ஒரு தாய் பறித்த கொழுந்து காலை 7 கிலோ, பகல் 9 கிலோ, மாலை 6 கிலோ. ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக் கழிவு 1 கிலோ என்று வைத்துக்கொண்டால், கணக்கில் விழுவது எவ்வளவு?

ஒரே நாளில் இரவு 38, காலை 29, பகல் 17 மில்லிமீற்றர் மழை. எந்த அளவைத் தாண்டியது? 150 ஐ எட்ட இன்னும் எவ்வளவு?

அரையும் அரைக்காலும் கூட்டினால் எவ்வளவு? காலில் மாகாணி போனால் மீதி எவ்வளவு?

விடைகள்: 296 பேர், 19 கிலோ, மொத்தம் 84, எனவே 75 ஐத் தாண்டியது, 150 இற்கு இன்னும் 66, எட்டில் ஐந்து, பதினாறில் மூன்று.